புறநகர் மளிகைக் கடை: வாடிக்கையாளர் மீண்டும் வரும் அமைப்பு எது?

பெருநகரங்களின் எல்லைகள் ஆண்டுதோறும் விரிந்துகொண்டே செல்கின்றன. மும்பையை அடுத்த தானே, பெங்களூரின் ஒயிட்ஃபீல்டு, டெல்லியை ஒட்டிய காசியாபாத், சென்னையின் தாம்பரம் என எப்பகுதியை நோக்கினும், அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தவுடன் அவற்றின் கீழ்த்தளத்திலோ எதிர்ப்புறத்திலோ ஒரு மளிகைக் கடையும் தோன்றிவிடுகிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2023-24ஆம் ஆண்டுக் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, நகர்ப்புறக் குடும்பங்களின் மாதச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம் உணவுக்கே செலவாகிறது. அதில் பெரும்பகுதி இத்தகைய கடைகளின் வழியாகவே செல்கிறது.

இவ்வளவு பணம் கைமாறும் இடத்தின் அமைப்பைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. மூன்று படிகள் ஏறி உள்ளே நுழைந்தால் வழியெங்கும் அட்டைப்பெட்டிகள். உளுந்து ஒரு மூலையிலும் அரிசி மறுமூலையிலும் இருக்கும். மேல்தட்டில் உள்ள டப்பாவை எடுக்க ஆளைக் கூப்பிட வேண்டும். இறுதியில் பில் போடும் இடத்தில் நெடுநேரம் நிற்க வேண்டும். இவற்றைப் பொறுத்துக்கொண்டிருந்த வாடிக்கையாளருக்கு இன்று மாற்று வழி உண்டு. கைபேசியில் பதிவு செய்தால் சில நிமிடங்களில் பொருள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. ஆகவே, கடையின் அமைப்பு என்பது இன்று அழகு சார்ந்ததன்று. புறநகர் வணிகரின் பிழைப்பு சார்ந்தது. கடனுதவியுடன் கடையை விரிவாக்க எண்ணும் வணிகருக்கும், நாள்தோறும் அங்குப் பொருள் வாங்கும் குடும்பத்துக்கும் பயன்படும் சில அடிப்படைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

கல்லாவிலிருந்து அலமாரிக்கு

பழைய மளிகைக் கடையில் வாடிக்கையாளர் வெளியே நிற்பார். கடைக்காரர் உள்ளே இருந்து பொருளை எடுத்து, நிறுத்து, பொட்டலம் கட்டித் தருவார். உலகெங்கும் இதுவே வழக்கமாக இருந்தது. 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்து இம்முறையை மாற்றினார். சுழல் கதவு வழியே நுழையும் வாடிக்கையாளர் தாமே கூடையை எடுத்துக்கொண்டு எல்லா அலமாரிகளையும் வரிசையாகக் கடந்து கல்லாவை அடைய வேண்டும். இந்த அமைப்புக்கு அவர் காப்புரிமையும் பெற்றார். கூடை கனத்ததும் மக்கள் வாங்குவதை நிறுத்திவிடுகின்றனர் என்பதைக் கவனித்த ஓக்லஹோமா நகர வணிகர் சில்வன் கோல்ட்மேன், 1937இல் தள்ளுவண்டியை அறிமுகப்படுத்தினார்.

இந்தியாவில் நுகர்வோருக்கான கடைகளின் சீர்திருத்தம் கூட்டுறவு வழியே தொடங்கியது. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904ஆம் ஆண்டில் நகரக் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பட்டது. 1966இல் டெல்லி கன்னாட் பிளேஸ் பகுதியில் சூப்பர் பஜார் திறக்கப்பட்டது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து தனியார் சங்கிலிக் கடைகள் பெருகின. அவற்றைக் கண்டு, புறநகர்களின் சிறு வணிகர்களும் தம் கடைகளைத் தாமே எடுத்துக்கொள்ளும் முறைக்கு மாற்றத் தொடங்கினர்.

இம்மாற்றத்தால் வாடிக்கையாளருக்குப் பொருளைத் தொட்டுப் பார்க்கவும் விலையை ஒப்பிடவும் உரிமை கிடைத்தது. அதேவேளையில், முன்பு கடைக்காரர் செய்துவந்த தேடுதல், எடுத்தல், சுமத்தல் ஆகிய வேலைகள் வாடிக்கையாளரின் தலையில் வந்து சேர்ந்தன. அந்த வேலையைக் குறைப்பதே நல்ல கடையமைப்பின் நோக்கமாக இருத்தல் வேண்டும்.

சுற்றவிடுவதா, விரைவில் அனுப்புவதா?

கடையமைப்பில் நீண்டகாலமாக நிலவும் ஒரு கருத்து உண்டு. வாடிக்கையாளர் எவ்வளவு அதிக நேரம் உள்ளே இருக்கிறாரோ அவ்வளவு அதிகம் வாங்குவார் என்பது அது. அதனால்தான் அன்றாடம் தேவைப்படும் பால் பல கடைகளில் கடைசி மூலையில் இருக்கிறது. பின்புறக் குளிர் அறையிலிருந்து நிரப்புவது எளிது என்ற காரணமும் அதற்கு உண்டு. குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், பில் போடும் இடத்தருகே மிட்டாய்கள் தொங்குவதும் இக்கருத்தின் விளைவே.

இவ்வுத்திகள் விற்பனையைக் கூட்டுகின்றன என்பதில் ஐயமில்லை. அதனால்தான் அவற்றைக் கட்டுப்படுத்த அரசுகளும் முன்வந்துள்ளன. இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல், 50 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்களின் 2,000 சதுர அடிக்கு மேற்பட்ட கடைகளில், கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த குறிப்பிட்ட வகை உணவுகளை நுழைவாயில், அலமாரி வரிசைகளின் முனை, பில் போடும் இடம் ஆகியவற்றில் வைக்கத் தடை உள்ளது. ஒரு பொருள் எங்கே வைக்கப்படுகிறது என்பதே நம் கையை எந்த அளவுக்கு இயக்குகிறது என்பதற்கு இச்சட்டம் ஒரு சான்று.

ஆனால் புறநகர்க் கடையின் கணக்கு வேறு. நெடுஞ்சாலையோரப் பேரங்காடிக்கு வருபவர் மாதம் ஒருமுறை, விடுமுறை நாளில், குடும்பத்துடன் பொழுதுபோக்காக வருகிறார். புறநகர்க் கடைக்கு வருபவரோ அலுவலகம் முடிந்து, பேருந்திலிருந்தோ மின்சார ரயிலிலிருந்தோ இறங்கி, இரவுச் சமையலுக்குத் தேவையானதை வாங்க வாரம் இருமுறை வருகிறார். அவரைச் சுற்றவிட்டால் ஒருநாள் இருபது ரூபாய்ப் பொருள் கூடுதலாக விற்கலாம். மறுவாரம் அவர் வராமலும் போகலாம். ஒரு குடும்பம் மாதம் 6,000 ரூபாய்க்கு வாங்குவதாகக் கொண்டால் ஆண்டுக்கு 72,000 ரூபாய் ஆகிறது. பத்துக் குடும்பங்கள் விலகினால் ஆண்டு விற்பனையில் 7,20,000 ரூபாய் குறையும். எனவே, புறநகர்க் கடையின் வளம் வாடிக்கையாளர் மறுபடியும் வருவதில் அடங்கியுள்ளது. கடையின் ஒவ்வொரு மூலையையும் இந்த அளவுகோலைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

வாசலும் வழியும்

முதற்கண் வாசலைக் கவனிப்போம். மழைநீர் உட்புகாதிருக்கத் தரைமட்டத்தை உயர்த்திக் கட்டுவது நம் நாட்டு வழக்கம். அதனால் தோன்றும் படிகள் முதியோரையும், சக்கர நாற்காலியில் வருவோரையும், குழந்தை வண்டியைத் தள்ளி வருவோரையும் வெளியிலேயே நிறுத்திவிடுகின்றன. சாய்தளத்தின் சரிவு 1:12 என்ற விகிதத்துக்கு மேற்படக் கூடாது என்பது மாற்றுத் திறனாளிகளுக்கான கட்டட வழிகாட்டு நெறி. அதாவது, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் தேவை. வாசலுக்கு நேராக அவ்வளவு இடம் இல்லையெனில், கடையின் முகப்புச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் சாய்தளத்தை அமைக்கலாம். கைப்பிடியும் இருத்தல் வேண்டும். செங்குத்தான இரும்புப் பலகையைப் படிகளின் மேல் சாய்த்துவைப்பது சாய்தளம் ஆகாது. மழைநாளில் அது விபத்துக்கே வழிவகுக்கும்.

உள்ளே நுழைந்தவருக்கு வெளிச்சத்துக்குக் கண் பழகவும், கைபேசியை உள்ளே வைக்கவும் சில அடி தூரம் தேவைப்படுகிறது. கடைகளில் மக்களின் நடமாட்டத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்கரான பாகோ அண்டர்ஹில், வாசலை ஒட்டிய அந்தச் சிறு பகுதியில் வைக்கப்படும் அறிவிப்புகளைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை என்று சுட்டிக்காட்டினார். கூடைகளையும் வாசலில் மட்டும் அடுக்காமல் கடையின் நடுவிலும் வைக்க வேண்டும் என்பது அவருடைய மற்றோர் அறிவுரை. ஒரு பொருளுக்காக வந்தவர் மூன்றாவது பொருளை எடுக்கும்போதுதான் கூடையைத் தேடுகிறார்.

அடுத்தது அலமாரிகளுக்கு இடையேயான வழி. குறுகிய வழியில் பொருளைப் பார்த்துக்கொண்டு நிற்பவரைப் பின்னால் செல்வோர் உரசிச் செல்ல நேர்ந்தால், அவர், குறிப்பாகப் பெண்கள், பொருளை வாங்காமலேயே நகர்ந்துவிடுகின்றனர் என்பதும் அண்டர்ஹில் கண்டறிந்த உண்மை. இடைவழி நான்கு அடியேனும் இருந்தால் ஒருவர் நிற்க மற்றொருவர் கடக்கலாம். சக்கர நாற்காலி முழுமையாகத் திரும்ப ஐந்து அடி வேண்டும். எல்லா வழிகளும் அவ்வளவு அகலமாக இருக்க இயலாவிடினும், வரிசைகளின் முனைகளிலாவது அந்த இடத்தை விடுதல் நலம்.

வழியை அடைப்பது கையிருப்பே

"இடம் எங்கே இருக்கிறது?" என்று வணிகர் கேட்பது இயல்பு. பெரும்பாலான கடைகளில் வழியை அடைத்திருப்பவை அலமாரிகள் அல்ல. உள்ளே வைக்க இடமின்றி வழியில் இறக்கிவைக்கப்பட்ட பெட்டிகள். ஆகவே இடைவழியின் அகலம் தச்சரின் வேலையைச் சார்ந்தது என்பதைவிடக் கொள்முதல் கணக்கைச் சார்ந்தது எனலாம்.

ஒரே பொருளில் பன்னிரண்டு வகைகளை வைத்திருந்தால் அவற்றுள் சில வாரக்கணக்கில் அசையாமல் இருக்கும். மெதுவாக விற்கும் சரக்கில் 2 லட்சம் ரூபாய் முடங்கியிருப்பதாகவும், நடைமுறை மூலதனக் கடனுக்கு ஆண்டு வட்டி 12 சதவீதம் எனவும் எடுத்துக்கொண்டால், அச்சரக்குக்காக மாதம் 2,000 ரூபாய் வட்டி செல்கிறது. அது அடைத்துக்கொள்ளும் இடத்தின் வாடகையும், காலாவதியாகும் பொருளின் இழப்பும் தனி.

வகைகளைக் குறைத்தால் வாடிக்கையாளர் ஏமாற்றமடைவார் என்ற அச்சம் எழலாம். இது குறித்து ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் ஆகியோர் கலிபோர்னியாவின் ஒரு மளிகைக் கடையில் நடத்திய ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 24 வகை ஜாம்களை வைத்தபோது அதிகம் பேர் நின்று பார்த்தனர்; ஆனால் நின்றவர்களுள் 3 சதவீதத்தினரே வாங்கினர். 6 வகைகளை மட்டும் வைத்தபோது நின்றவர்களுள் 30 சதவீதத்தினர் வாங்கினர். பின்னர் நடந்த ஆய்வுகள் அனைத்தும் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். எனினும், தம் கடையின் மூன்று மாத பில் கணக்கைப் பார்த்து, அசையாத வகைகளைப் படிப்படியாகக் கைவிடுவதில் வணிகருக்கு இழப்பு சிறிதே. எந்தப் பொருளை யார் கேட்டு வாங்குகிறார் என்பதை அறிந்த அக்கம்பக்கத்துக் கடைக்காரருக்கு இது எளிதும்கூட. ஒரே ஒரு முதியவருக்காக வைத்திருக்கும் கேழ்வரகுக் கஞ்சிமாவை அவர் கைவிடவேண்டியதில்லை.

சமையலறையின் வரிசை

பல கடைகளில் பொருள்கள் விநியோக நிறுவனத்தின் வசதிப்படி அடுக்கப்படுகின்றன. வாங்குபவரின் மனத்திலோ சமையலறையின் வரிசையே இருக்கிறது. அரிசிக்கு அருகில் பருப்பு, பருப்புக்கு அருகில் புளியும் மசாலாப் பொருள்களும், அவற்றை அடுத்து எண்ணெய் என்று அமைத்தால் தேடல் குறைகிறது. பூசைப் பொருள்கள் ஓரிடத்திலும், துப்புரவுப் பொருள்கள் உணவிலிருந்து விலகி வேறிடத்திலும் இருத்தல் வேண்டும்.

கனத்தையும் கருத வேண்டும். காய்கறி புதிதாக இருப்பதைக் காட்டப் பல கடைகளில் அதை வாசலிலேயே வைக்கின்றனர். முதலில் எடுத்த தக்காளியின் மேல் பிறகு எடுக்கும் உப்பும் பருப்பும் விழுகின்றன. காய்கறியும் கீரையும் வழியின் இறுதியில் இருந்தால் அவை கூடையின் மேற்புறத்தில் இருக்கும். 25 கிலோ அரிசி மூட்டையை வாடிக்கையாளர் தூக்கவேண்டிய தேவையே இல்லை. ஒவ்வொரு வகையிலும் சிறிதளவைத் திறந்த பாத்திரத்தில் வைத்து, பில் போடும்போது வகையைச் சொன்னால் மூட்டை வீட்டுக்கு வரும் என்று ஏற்பாடு செய்யலாம்.

திறந்த பாத்திரம் என்பது நம் மக்களுக்கு முக்கியமானது. அரிசியையும் பருப்பையும் கையில் அள்ளிப் பார்த்து வாங்குவது இங்குள்ள பழக்கம். பிக் பஜாரை நிறுவிய கிஷோர் பியானி, மேலைநாட்டுக் கடைகளின் ஒழுங்கை அப்படியே பின்பற்றாமல், தானியங்களைப் பெரிய திறந்த தொட்டிகளில் வைத்ததற்கு இதுவே காரணம். தூய்மைக்காக மூடியும் நீண்ட கைப்பிடிக் கரண்டியும் அமைத்தால் பழக்கமும் சுகாதாரமும் ஒருங்கே காக்கப்படும்.

அன்றாடப் பொருள்கள் இடுப்பு உயரத்துக்கும் கண் உயரத்துக்கும் இடையே இருத்தல் வேண்டும். குனிந்து எடுக்க இயலாத மூட்டுவலிக்காரரும், எட்டி எடுக்க இயலாத உயரம் குறைந்தோரும் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றனர். பல மொழியினர் வாழும் புறநகர்களில் வட்டார மொழியுடன் படங்களும் அமைந்த பெயர்ப்பலகைகள் உதவும். காய்கறிகளின் மேல் பச்சை, சிவப்பு நிற விளக்குகளைத் தவிர்த்து வெண்ணிற ஒளியையே அமைக்க வேண்டும். வீட்டுக்குச் சென்றபின் நிறம் மாறிக் காணும் காய், கடையின் மீதுள்ள நம்பிக்கையைக் குலைத்துவிடும்.

விலைச்சீட்டில் மொத்த விலையுடன் கிலோவுக்கோ லிட்டருக்கோ ஆகும் அலகு விலையையும் பெரிய எழுத்தில் குறிப்பது இன்றியமையாதது. பொட்டலங்களின் மீது அலகு விலையை அச்சிட வேண்டும் என்று சட்டமுறை எடையளவு விதிகள் கூறினும், அந்த அச்சு கண்ணுக்குத் தெரியாத அளவில் சிறியதாக இருக்கிறது. அரைக் கிலோ துவரம்பருப்பு 92 ரூபாய், ஒரு கிலோ 178 ரூபாய் என்றால் பெரிய பொட்டலமே மலிவு. 100 கிராம் மிளகாய்த்தூள் 42 ரூபாய், 200 கிராம் 88 ரூபாய் என்றால் சிறியதே மலிவு. பெரியது எப்போதும் மலிவு என்ற எண்ணத்தை அலகு விலை திருத்துகிறது.

வரிசையில் நிற்கும் நேரம்

கடையில் கழித்த அரை மணி நேரத்தில், வாடிக்கையாளரின் நினைவில் தங்குவது கடைசிப் பத்து நிமிடமே. வரிசைகளைக் கணித முறையில் ஆராய்ந்த முன்னோடி, டென்மார்க் நாட்டுப் பொறியாளர் ஏ. கே. எர்லாங், தொலைபேசி இணைப்புகள் குறித்த அவருடைய கட்டுரை 1909இல் வெளியாயிற்று. அத்துறை தரும் எளிய பாடம் ஒன்று உண்டு. மூன்று கல்லாக்களுக்கு மூன்று தனி வரிசைகள் இருந்தால், நம் வரிசையே விரைவானதாக அமையும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். ஒரே வரிசையில் நின்று, எந்தக் கல்லா காலியாகிறதோ அங்குச் செல்லும் முறையில், ஒருவருடைய பில்லில் ஏற்படும் தாமதம் அவர் பின்னால் நிற்பவரை மட்டும் வருத்துவதில்லை. யார் முதலில் வந்தாரோ அவரே முதலில் செல்கிறார். வங்கிக் கிளைகளில் டோக்கன் முறை நிலைபெற்றதும் இக்காரணத்தாலேயே.

காய்கறியை ஓரிடத்தில் நிறுத்துச் சீட்டு ஒட்டி, மறுபடியும் கல்லாவில் நிற்கச் செய்வது இரண்டு வரிசைகளை உண்டாக்குகிறது. கல்லாவிலேயே தராசு இருந்தால் ஒரு வரிசை குறையும். 2016இல் அறிமுகமான யுபிஐ, சில்லறை தேடும் நேரத்தைப் பெரிதும் நீக்கியுள்ளது. பணம் வந்ததைக் குரலில் அறிவிக்கும் கருவி இருந்தால் கைபேசித் திரையைக் காட்டி நிற்கும் நேரமும் மிச்சமாகும்.

எல்லோரும் விரைவை விரும்புவதில்லை என்பதும் உண்மை. நெதர்லாந்தின் ஜம்போ நிறுவனம் 2019இல், அவசரமின்றிப் பேசிக்கொண்டே பில் போடும் 'அரட்டைக் கல்லா' ஒன்றைத் தொடங்கியது. தனிமையில் வாழும் முதியோருக்காகத் தொடங்கப்பட்ட அம்முயற்சி பின்னர்ப் பல கிளைகளுக்கும் விரிவாயிற்று. நம் பழைய மளிகைக் கடையில் இயல்பாகவே இருந்தது இதுதான். கல்லாவுக்கு அருகில் இரண்டு நாற்காலிகளும், குடிநீரும், பெயர் சொல்லி நலம் விசாரிக்கும் ஒரு பணியாளரும் இருந்தால், எந்தக் கைபேசிச் செயலியாலும் தர இயலாத ஒன்றை அக்கடை தருகிறது.

செலவு செய்யும் முறை

மாற்றங்களைச் செலவில்லாதவற்றிலிருந்து தொடங்குவதே விவேகம். முதலில், மாலை நேரத்தில் ஒரு மணி நேரம் கடையின் ஓரத்தில் நின்று, மக்கள் எங்கே தயங்குகின்றனர், எங்கிருந்து திரும்பி வருகின்றனர், எந்தப் பொருளை விசாரிக்கின்றனர் என்று தாளில் குறிக்க வேண்டும். ஒரே பொருளைப் பலர் விசாரித்தால் அது தவறான இடத்தில் இருக்கிறது என்று பொருள். அடுத்து, பெட்டிகளை அகற்றிப் பொருள்களை இடம்மாற்றலாம். மூன்றாவதாகச் சாய்தளமும் விளக்குகளும். அலமாரிகளும் குளிர்சாதனங்களும் இறுதியில்.

குளிர்சாதனங்களை வாங்கும்போது விலையைவிட மின்கட்டணத்தை நோக்க வேண்டும். திறந்த அமைப்பைவிடக் கண்ணாடிக் கதவுள்ளவை குறைந்த மின்சாரத்தையே பயன்படுத்துகின்றன. அவற்றின் பின்புறம் வெளியேறும் வெப்பம் கடைக்குள்ளேயே தங்கினால் கடை வெப்பமாவதுடன் மின்செலவும் கூடும். ஆகவே காற்றோட்டமான இடத்தில் வைத்தல் வேண்டும்.

நிதியுதவியைப் பொறுத்தவரை, 2021 ஜூலை முதல் சில்லறை, மொத்த வணிகர்களும் உத்யம் பதிவு பெற்று, முன்னுரிமைத் துறைக் கடனுக்குரிய பயனை அடையலாம். 2015இல் தொடங்கப்பட்ட பிரதமரின் முத்ரா திட்டத்தில் பிணையின்றிக் கடன் கிடைக்கிறது. சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையும், கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரையும், தருண் பிரிவில் 10 லட்சம் வரையும் பெறலாம். தருண் கடனை முறையாகத் திருப்பிச் செலுத்தியவர்கள் தருண் பிளஸ் பிரிவில் 20 லட்சம் வரை பெற வாய்ப்புண்டு.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. அலமாரி, குளிர்சாதனம் போன்ற நெடுங்காலச் சொத்துகளுக்குத் தவணைக் கடனும், சரக்குக் கொள்முதலுக்கு நடைமுறை மூலதனக் கடனும் உரியவை. சரக்குக்கான பணத்தை எடுத்து உள் அலங்காரம் செய்தால், பளபளக்கும் அலமாரிகள் பொருளின்றி நிற்கும். பில்களையும் யுபிஐ வரவுகளையும் ஒரே நடப்புக் கணக்கின் வழியே நடத்துவது, கடன் கோரும்போது விற்பனைக்கு வலுவான சான்றாக அமையும்.

வாடிக்கையாளருக்கும் இதில் பங்குண்டு. பட்டியலுடன் செல்வதும், அலகு விலையைக் கேட்பதும், காலாவதித் தேதியைப் பார்ப்பதும், பில்லைக் கேட்டுப் பெறுவதும் அவருடைய உரிமைகளே. அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் வசூலித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கு முன்பே, எங்கே வழி இடிக்கிறது, எந்தப் பலகை தெரியவில்லை என்று கடைக்காரரிடம் சொல்வது இரு தரப்புக்கும் நன்மை தரும். கேட்டறிந்து திருத்திக்கொள்ளும் வாய்ப்பு அருகிலுள்ள கடைக்காரருக்கே அதிகம். அவருடைய பெரும் மூலதனமும் அதுவே.